பிள்ளையைச் சாராயக் கடைக்கு அனுப்பாதீர்கள்

தீபாவளி முற்பணம் கைக்கு வர இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தோட்டக் கமிட்டிகள் அதைப்பற்றிப் பேசத் தொடங்கிவிட்டன. எவ்வளவு கிடைக்கும், எத்தனை மாதத்தில் பிடிப்பார்கள், பேர் குறைந்தவர்களுக்கு உண்டா இல்லையா என்ற கேள்விகள் எல்லாம் கிளைகளிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை உட்பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தலையங்கத்தில் நாம் பேச எடுத்துக்கொள்வது அந்தப் பணம் வந்தபிறகு நடக்கும் ஒரு காரியத்தை. சரியாகச் சொன்னால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கையில் பொத்திக்கொண்டு சாராயக் கடைக்கு நடந்துபோகும் பிள்ளையைப் பற்றி.

எமது லயங்களில் இது ஒரு செய்தியே அல்ல. அப்பா மலையிலிருந்து நனைந்து வந்து உட்கார்ந்துவிட்டார். டவுனுக்கு மூன்று மைல். கொழும்பிலிருந்து மாமா வேறு வந்திருக்கிறார். "டேய் தம்பி, ஓடிப்போயி ஒரு அரைப் போத்தல் வாங்கிட்டு வா, மிச்சக் காச நீயே வச்சுக்க" என்கிறார்கள். தம்பிக்கு வயது பதினான்கு. கடைக்காரருக்கு அவனையும் தெரியும், அவன் அப்பாவையும் தெரியும். பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார். திரும்பி வரும்போது சட்டைக்குள் போத்தல், காற்சட்டைப் பையில் மிச்சக் காசு. அந்த மிச்சக் காசு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. முதல் வருஷம் அது ரோல்ஸும் சோடாவும். இரண்டு மூன்று தீபாவளி போனபிறகு, நான்கு பேர் மிச்சக் காசைச் சேர்த்து, அதே கடையில், அதே கையால் ஒரு டின் பியர் வாங்குகிறார்கள். கடைக்காரர் வழக்கம்போல அப்பாவுக்கு என்று நினைத்துக்கொள்கிறார். அல்லது நினைத்துக்கொள்வதாகக் காட்டுகிறார்.

பாடசாலையில் நிற்கும் எமக்கு இது திங்கட்கிழமை காலையில் தெரியவரும். சனி ஞாயிறு ஏதாவது கல்யாணமோ கருமாதியோ திருவிழாவோ நடந்திருந்தால், பத்தாம் தரத்தில் இரண்டு பையன்கள் மேசையில் தலை வைத்துக் கிடப்பார்கள். ஒருவன் வந்திருக்கவே மாட்டான். வரவு இடாப்பில் சிவப்புப் புள்ளிகள் திங்கட்கிழமைகளில் கூடுவதை எந்த மலையக ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். பதினொராம் தரம் வரும்போது அந்தப் பெயர் இடாப்பில் மட்டுமே இருக்கும். ஆள் கொழும்பில் ஒரு புடவைக் கடையிலோ சாப்பாட்டுக் கடையிலோ நிற்பான். எல்லாருடைய படிப்பும் குடியால்தான் நிற்கிறது என்று நாம் சொல்லவில்லை. பஸ் இல்லாததால் நிற்கிறது, பாடத்துக்கு ஆசிரியர் இல்லாததால் நிற்கிறது, வீட்டில் காசு இல்லாததால் நிற்கிறது. ஆனால் நிற்கப்போகிற பிள்ளையைக் கடைசியாக ஒரு தள்ளு தள்ளிவிடுவது பல இடங்களில் இதுதான்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். வளர்ந்த மனிதர் குடிப்பது சரியா தவறா என்ற வழக்கை நாம் இங்கே விசாரிக்கவில்லை. குளிரிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் எட்டு மணிநேரம் நின்றவருக்கு அறிவுரை சொல்வது சுலபம், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். (அதே குளிரிலும் மழையிலும் நின்ற பெண்கள் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறார்கள் என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறோம்.) நமது பேச்சு 21 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பற்றியது. அவர்களைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பது நமது தோட்டங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் பாதியைத் தலைகீழாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், அதாவது புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மதுபானமோ சிகரெட், பீடி போன்ற புகையிலைப் பொருளோ விற்கக்கூடாது என்கிறது. பதினெட்டு அல்ல, இருபத்தொன்று. வாக்குப் போட 18, வாகன அனுமதிப்பத்திரம் எடுக்க 18, சாராயம் வாங்க 21. இதை மீறி விற்பவருக்கு நீதவான் நீதிமன்றத்தில் 5,000 ரூபா வரை அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். "அப்பாவுக்குத்தான் வாங்குகிறேன்" என்பது இந்தச் சட்டத்தில் ஒரு விலக்கே அல்ல. யார் குடிக்கப் போகிறார்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. பணத்தை நீட்டியது எந்தக் கை, போத்தலை வாங்கியது எந்தக் கை, அந்தக் கைக்கு வயது என்ன என்றுதான் பார்க்கிறது. பையன் வாங்கினால் விற்றவர் குற்றவாளி. அந்தப் பிரிவு விற்பவர் மீதுதான் விழுகிறது, வாங்கவந்த பிள்ளை மீது அல்ல. நமது தோட்டங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. பிள்ளை பிடிபட்டால் பிள்ளைக்கு அடி விழுகிறது, கோயில் முன்றலில் நிறுத்தி விசாரிக்கிறார்கள், பாடசாலையிலிருந்து பெயரை வெட்டச் சொல்கிறார்கள். விற்றவரிடம் போய் ஒரு கேள்வி கேட்பவர் இல்லை. அவர் கடையில் கடன் கணக்கு இருப்பது ஒரு காரணம். அது எமக்கும் தெரியும்.

வயது தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்பது கடைக்காரர்கள் சொல்லும் அடுத்த கதை. சந்தேகம் இருந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு விற்கலாம், காட்டாவிட்டால் விற்காமல் விடலாம். இப்போதைய அடையாள அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் இருக்கின்றன. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. 2010 என்று தொடங்கும் அட்டையை வைத்திருப்பவருக்கு 2031 ஆம் ஆண்டுப் பிறந்தநாள் வரும்வரை இந்த நாட்டில் எந்தக் கடையிலும் சாராயம் விற்கமுடியாது. இதைக் கணக்குப் பார்க்க ஐந்தாம் தரப் படிப்பே அதிகம். அட்டையே இல்லை என்றால் அதைவிடச் சுலபம்: அட்டை எடுக்கும் வயது வராத பிள்ளைக்குச் சாராயம் வாங்கும் வயதும் வரவில்லை.

இனி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். வாங்கியதற்காக அல்ல, அதற்குப் பிறகு நடப்பதற்காக. குடித்துவிட்டுப் பொதுவிடத்தில் கூச்சல் போட்டு மற்றவர்களுக்குத் தொல்லை கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். திருவிழாவில் ஒரு தள்ளுமுள்ளு, ஒரு கல், ஒரு உடைந்த போத்தல், காயப்பட்ட இன்னொரு பிள்ளை என்று வந்துவிட்டால், வெறியில் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இலங்கையில் குற்றப்பொறுப்புக்கான வயது முன்பு 8 ஆக இருந்தது. 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை 12 ஆக்கியது. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் பார்ப்பார். அதற்கு மேல் போனால் "சின்னப் பிள்ளை ஐயா" என்ற பேச்சு அவ்வளவு தூரம் எடுபடாது. சிறுவர் வழக்கு என்றால் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார், அறிக்கை எழுதுவார், பிள்ளை யார் பொறுப்பில் இருக்கலாம் என்பது அந்த அறிக்கையை வைத்து முடிவாகும். தவணைக்கு மேல் தவணை போகும். ஒவ்வொரு தவணையும் அம்மாவுக்குப் பேர் விழாத ஒரு நாள். 2024 இல் 1,700 ரூபா கேட்டுத் தெருவில் நின்று, அடிப்படைச் சம்பளம் 1,350 இல் வந்து நின்றதே, அப்படிப் போராடி வாங்கும் ஒரு நாள் சம்பளத்தை ஒவ்வொரு தவணைக்கும் ஒருமுறை கழித்துப் பாருங்கள். பஸ் காசும் சட்டத்தரணி காசும் அதற்கு வெளியே.

வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் பையன்களுக்கு இன்னொன்று. பொலிஸ் நற்சான்றிதழ் இல்லாமல் பல இடங்களுக்கு விசா அசையாது. பதினெட்டு பத்தொன்பது வயதில் பெயர் ஒரு வழக்கில் ஏறிவிட்டால், ஏஜென்சிக்குக் கட்டிய காசும் அங்கேயே நின்றுவிடும்.

கசிப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சாராயத்தின் விலை ஏற ஏற, ஆற்றோரத்திலும் காட்டு மூலையிலும் கோடா ஊறும் பீப்பாய்கள் கூடுகின்றன. இன்று ஒரு கால் போத்தல் வாங்க ஒரு நாள் சம்பளத்தின் பெரும்பகுதி போகிறது என்றால், பாதி விலையில் கிடைப்பதைத் தேடுவார்கள்தானே. கசிப்புக் காய்ச்சுபவர் பெரும்பாலும் பெரிய ஆள், ஆனால் கேனைத் தூக்குவது சின்ன ஆள். பொலிஸ் ஜீப் வளைவில் திரும்பினால் விசில் அடிப்பதற்கு ஒரு பையன், வாடிக்கை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒரு பையன். கைச்செலவுக்குக் காசு, சில வேளை ஒரு போன் ரீலோட். பையன்களுக்கு இது வேலை மாதிரியே தெரிவதில்லை. ஆனால் 1912 ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் மதுவைக் காய்ச்சுவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் கொண்டுபோவதும் விற்பதும் குற்றம். கேன் யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் பிடிப்பார்கள். காய்ச்சியவர் அன்று இரவே இன்னொரு மூலைக்குப் போய்விடுவார். போயா நாட்களிலும் இதே கதை. அனுமதி பெற்ற கடைகள் மூடியிருக்கும் என்பதால் முதல்நாளே வாங்கிப் பதுக்கி, அடுத்தநாள் கூடிய விலைக்கு விற்கும் வீடுகள் சில தோட்டங்களில் இருக்கின்றன. அங்கேயும் கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளைகள்தான்.

கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே முழுதாகத் தெரியாது. வேகம் கூட்டுவதற்காகக் கண்டதைப் போடுகிறார்கள். மெதனோல் சேர்ந்துவிட்டால் கண் போகும், உயிரும் போகும். வளர்ந்தவர் தாங்கும் அளவை ஐம்பது கிலோ கூட இல்லாத ஒரு பிள்ளையின் உடம்பு தாங்காது.

மோட்டார் சைக்கிள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம், இதில் பேசுவதற்கு அதிகம் இல்லை, அழுவதற்குத்தான் இருக்கிறது. 18 வயது வராத பையனுக்கு அனுமதிப்பத்திரம் கிடையாது. அவனிடம் சாவியைக் கொடுத்த சைக்கிள் சொந்தக்காரரும் சட்டத்தின் முன் பொறுப்பாளி. அனுமதிப்பத்திரமும் இல்லாமல் வெறியிலும் ஓடி யாரையாவது மோதினால், காப்புறுதிக் கம்பனி கைவிரிக்க எல்லாக் காரணமும் அங்கே இருக்கிறது. தவணைக் கட்டணத்தில் எடுத்த சைக்கிள் என்றால், உடைந்த சைக்கிளுக்கும் மாதாமாதம் கட்டவேண்டும்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். கடைக்காரரைக் குறை சொல்வது எளிது. ஆனால் பிள்ளையின் முதல் மிடறு பெரும்பாலும் கடையில் நடப்பதில்லை. தீபாவளி அன்று கோழிக்கறியோடு உட்கார்ந்திருக்கும்போது, மாமனோ சித்தப்பனோ கிளாஸில் ஒரு விரற்கடை ஊற்றி, "ஆம்பளப் பிள்ளதானே, ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்று நீட்டுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவன் முகத்தைச் சுளித்தால் இன்னும் சிரிப்பு. சிறுபிள்ளைக்குச் சளி என்று சாராயம் தொட்டு வைப்பவர்கள்கூட இருக்கிறார்கள். அது மருந்து அல்ல. பிள்ளைக்கு அது எந்தச் சளியையும் எடுக்காது.

இந்த "ஒரு வாய்"க்குப் பின்னால் பெரிய சட்டம் ஒன்று நிற்கிறது. தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 308அ என்ற பிரிவு, தமது பொறுப்பிலோ பராமரிப்பிலோ உள்ள 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, துன்பமோ உடல்நலக்கேடோ வரத்தக்க விதத்தில் வேண்டுமென்றே அடிப்பதையும், கொடுமையாக நடத்துவதையும், கவனியாமல் விடுவதையும் குற்றமாக்குகிறது. தண்டனை இரண்டு வருடத்துக்குக் குறையாத, பத்து வருடம் வரையிலான சிறை. தீபாவளிக்கு ஒரு வாய் கொடுத்த மாமன் எல்லாம் நாளைக்கே சிறைக்குப் போவார் என்று நாம் பயம் காட்ட வரவில்லை. அப்படிச் சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள். ஆனால் பிள்ளை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், யார் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்ற கேள்விகள் வரும். பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகம் வரும். அன்று வீட்டில் சிரித்த எல்லாரும் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கும். "விளையாட்டுக்குக் கொடுத்தோம்" என்ற பதில் அங்கே எவ்வளவு தூரம் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெண்பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவதில்லை, அதனால் இது பையன்களின் பிரச்சினை என்று சிலர் நினைக்கலாம். பெண்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு அறையும் ஒரு காம்பராவும் உள்ள லயத்தில், வெறியில் இருக்கும் நான்கு ஆம்பிளைகளுக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்துக்கொண்டு, அம்மா மடுவத்திலிருந்து வரும்வரை காத்துக்கொண்டு இருக்கிறாள். இதற்குமேல் விரித்து எழுத வேண்டியதில்லை. அம்மாமார்களுக்குத் தெரியும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் தொலைபேசியில் பேசலாம். பிள்ளையே நேரடியாகப் பேசலாம். இந்த இலக்கத்தைப் பாடசாலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளும்படி வகுப்பில் சொல்லி வருகிறோம்.

கொழும்பிலிருந்து லீவில் வரும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அங்கே படும் பாடு எமக்குத் தெரியும். காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை நின்று, கடை மாடியிலேயே பாய் விரித்துப் படுத்து, தீபாவளிக்கு நான்கு நாள் ஊருக்கு வருகிறீர்கள். புதுச் சட்டை, புதுப் போன், கையில் காசு. அந்த நான்கு நாளும் லயத்துப் பையன்களுக்கு நீங்கள்தான் ஹீரோ. பிட்டியில் கிரிக்கெட் முடிந்தபிறகு உங்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சாதாரண தரப் பரீட்சைகூட எழுதாதவர்கள். உங்களில் பலருக்கே இன்னும் 21 ஆகவில்லை, அது வேறு கணக்கு. நீங்கள் டின்னைத் திறந்து நீட்டினால் அந்த வட்டத்தில் மறுக்கத் துணிவுள்ள பையன் ஒருவனும் இருக்கமாட்டான். நீங்களும் ஒரு காலத்தில் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், யார் முதலில் நீட்டினார் என்பதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பயத்தில் மறைத்துத்தான் பிள்ளைகளை இழக்கிறோம். குடித்த பிள்ளை கூப்பிட்டால் எழும்பவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டுப் போயிருக்கிறது, வாந்தி எடுத்தபடி கிடக்கிறான் என்றால் "தூங்கி எழும்பினால் சரியாகிவிடும்" என்று விடக்கூடாது. மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மோரும் தேசிக்காய்த் தண்ணியும் வாயில் ஊற்றுவது, தலையில் குளிர்ந்த தண்ணி கொட்டுவது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். மேட்டு லயத்துப் பாதைக்கு அம்புலன்ஸ் ஏறாது என்றால் தோட்டத்து லொறியைக் கேளுங்கள், கொடுக்க மறுத்தால் அந்த நிமிடமே தலைவருக்குச் சொல்லுங்கள். கசிப்பு என்றால் கசிப்பு என்று டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால் சிகிச்சை பிழைக்கும்.

இவ்வளவும் தொழிலாளர் பக்கம். சுலபமான பக்கத்தை மட்டும் பேசிவிட்டு எழும்பிப் போக எமக்கு விருப்பமில்லை. 5,000 ரூபா அபராதம் 2006 இல் ஒரு தொகை. இன்று தீபாவளிக் காலத்தில் ஒரு மதுபானக் கடைக்கு அது சில நிமிட வியாபாரம். வயது பார்க்காமல் விற்கும் கடைக்கு அபராதம் மட்டும் போதாது, அனுமதிப்பத்திரத்தில் கைவைக்கவேண்டும். அதை நாம் கேட்கவேண்டும். அனுமதிப்பத்திரங்கள் எப்படி வழங்கப்படுகின்றன என்பதும் நாம் அறியாததல்ல. 2024 டிசம்பரில் அந்த ஆண்டு கொடுக்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது நாடே வாய்பிளந்தது. நூலகத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் தோட்டத்தில் ஒரு பேர்ச் காணி கேட்டால் பெரியதுரைக்கும் கம்பனிக்கும் பிரதேச சபைக்கும் நடுவில் கடிதம் வருஷக்கணக்கில் அலைகிறது. சாராயக் கடைக்கு மட்டும் சந்தியில் இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

தேர்தல் காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று பெயர் சொல்லப் போவதில்லை, படிக்கிற உங்களுக்கே தெரியும். கூட்டத்துக்கு ஆள் கூட்ட லொறியில் போத்தல் வருகிறது. அதை லயம் லயமாகப் பிரித்துக் கொடுக்கும் வேலை இளைஞர்களுக்கு. அந்த இளைஞர்களில் வாக்கே இல்லாத பையன்களும் இருக்கிறார்கள். வாக்காளரை வளைக்கச் சாப்பாடோ குடியோ கொடுப்பது 1981 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தில் "உபசரித்தல்" என்ற ஊழல் குற்றம். போத்தல் வாங்கிக்கொண்டு கையைத் தூக்கியவரிடம் அடுத்த ஐந்து வருஷம் காணி உரிமையைப் பற்றி யாரும் வந்து பேசப்போவதில்லை. எமது சங்கத்தின் பெயரிலோ கொடியின் கீழோ, மே தின பஸ்ஸிலோ கிளைக் கூட்டத்திலோ மது இருக்கக்கூடாது என்பது இப்போதே எல்லாக் கிளைகளுக்கும் சொல்லப்படுகிறது. இருந்தால் அந்தக் கிளைத் தலைவர் செயற்குழுவில் பதில் சொல்லவேண்டும்.

கிளைகளிடம் நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. முற்பணம் வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவரும் மாதர் அணித் தலைவியும் இரண்டு மூன்று பெற்றோரும் சேர்ந்து, பக்கத்திலுள்ள மதுபானக் கடைக்குப் பகலிலேயே போகவேண்டும். சண்டைக்கு அல்ல. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கப்படமாட்டாது என்ற அறிவித்தல் தமிழிலும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், எங்கள் பிள்ளைகள் யார் வந்தாலும், யார் பெயரைச் சொன்னாலும் கொடுக்காதீர்கள் என்று நேரில் சொல்லவேண்டும். தோட்டத்துப் பெட்டிக் கடைகளுக்கும் அப்படியே போகவேண்டும், தனிச் சிகரெட் விற்பனை அங்கேதான் நடக்கிறது. பிறகும் விற்றால் முறைப்பாடு. மதுவரித் திணைக்களத்தின் இலக்கம் 1913, அவசரத்துக்குப் பொலிஸ் 119. புதிய கடைக்கு அனுமதி கேட்டிருப்பதாகக் கேள்விப்பட்டால், கடை திறக்கும்வரை காத்திருக்காமல் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கவேண்டும். குடியை விட நினைக்கும் எவரும், வயது என்னவாக இருந்தாலும், 1948 என்ற இலக்கத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேட்பது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையில் கடன் இருக்கிறது, பெயர் வெளியே வந்தால் சாமான் தரமாட்டார் என்று பயப்படுபவர்கள் தனியாக முறைப்பாடு செய்யத் தேவையில்லை. கிளையின் பெயரில் கடிதம் போகும்.

அந்தக் கடிதத்தின் மாதிரி, சிங்களத்திலும் தமிழிலும், இந்த மாத இறுதிக்குள் எல்லா மாவட்டக் காரியாலயங்களுக்கும் அனுப்பப்படும். கடையின் பெயர், திகதி, நேரம், பிள்ளையின் வயது ஆகியவற்றுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறோம். பிள்ளையின் பெயரை எழுதவேண்டாம்.